எஞ்சினுக்கு முன்னே கியர்பாக்ஸ்: சக்தி கூட்டிய சிறிய காருக்கு எந்த மேனுவல் பெட்டி பொருந்தும்?

பழைய புரோட்டோன் சத்ரியா அல்லது வீரா ஒன்றை வாங்கி, அதில் டர்போ எஞ்சின் பொருத்த வேண்டும் என்பது நம் இளைஞர்கள் பலரின் ஆசை. பட்டணத்து அடுக்குமாடியானாலும் தோட்டத்து லயமானாலும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் முழுவதும் எஞ்சினுக்குப் போகிறது. மிச்சம் இருந்தால் ரிம், எக்சாஸ்ட். கியர்பாக்ஸ் பற்றிக் கேட்டால், "இருக்கிறதை வைத்து ஓட்டுவோம், உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வரும்.

சில மாதங்களில் அது உடைகிறது. உடையும்போது தனியாக உடைவதில்லை. பெட்டியின் உறை வெடித்தால் உள்ளே இருப்பது எதுவும் மிஞ்சாது. டிரைவ் ஷாஃப்ட், கிளட்ச் ஆகியவையும் சேர்ந்து போகலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டி இறுகிவிட்டால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். இப்படிப்பட்ட காரைக் கட்டுவோர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது எஞ்சினை அல்ல, கியர்பாக்ஸை. எந்தப் பெட்டி, எதற்காக, எப்படித் தேர்வு செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குதிரைத்திறன் அல்ல, முறுக்குவிசை

பட்டறையில் எல்லாரும் குதிரைத்திறனைத்தான் பேசுவார்கள். ஆனால் கியர்பாக்ஸை உடைப்பது குதிரைத்திறன் அல்ல. 'டார்க்' என்று சொல்லப்படும் முறுக்குவிசைதான் பற்களின் மேல் ஏறும் சுமை. குதிரைத்திறன் என்பது அந்த முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் சேர்ந்த கணக்கு.

ஒரு எஞ்சின் 7,000 சுழற்சியில் 200 நியூட்டன் மீட்டர் தருகிறது. இன்னொன்று 3,500 சுழற்சியில் 400 நியூட்டன் மீட்டர் தருகிறது. அந்தந்தச் சுழற்சியில் இரண்டின் சக்தியும் ஏறத்தாழ 200 குதிரைத்திறன்தான். ஆனால் இரண்டாவது எஞ்சினின் பின்னால் நிற்கும் பெட்டி இரண்டு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். டர்போ இல்லாத, சுழற்சி கூடிய ஹோண்டா எஞ்சின்களுக்குப் பின்னால் சிறிய பெட்டி நீண்ட நாள் தாங்குவதும், அதே சக்தி உள்ள டர்போ எஞ்சினுக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடுவதும் இதனால்தான்.

நம் நாட்டுக் கார்களிலேயே உதாரணம் இருக்கிறது. சத்ரியா ஜிடிஐ காரின் 1.8 லிட்டர் 4ஜி93 எஞ்சின் டர்போ இல்லாமல் 140 குதிரைத்திறனும் 164 நியூட்டன் மீட்டரும் தந்தது. அதே 4ஜி93 குடும்பத்தின் டர்போ எஞ்சின், ஜப்பானின் லான்சர் ஜிஎஸ்ஆர் காரில் 195 குதிரைத்திறனும் சுமார் 270 நியூட்டன் மீட்டரும் தந்தது. சக்தி 40 விழுக்காடுகூட உயரவில்லை. முறுக்குவிசையோ ஏறத்தாழ 65 விழுக்காடு உயர்ந்துவிட்டது. லான்சர் எவொலூஷன் 3 காரின் 2.0 லிட்டர் 4ஜி63 டர்போவில் அது 309 நியூட்டன் மீட்டர். ஜிடிஐ பெட்டி பார்த்துப் பழகியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பூஸ்ட் கூட்டாமல், ஜப்பானிலிருந்து வந்த நிலையிலேயே இந்தக் கணக்கு.

ஆகவே பெட்டி தேடும்போது விற்பவரிடம் "எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?" என்று கேட்பதைவிட, "இந்தப் பெட்டி தொழிற்சாலையில் எந்த எஞ்சினோடு வந்தது? அதன் முறுக்குவிசை எவ்வளவு?" என்று கேட்பதே பயன் தரும். அந்த அளவை நாம் எவ்வளவு தாண்டப் போகிறோம் என்பதே ஆபத்தின் அளவு.

மூன்றாம் கியர் ஏன் போகிறது?

முன்சக்கர இயக்கச் சிறிய காரின் கியர்பாக்ஸ் எளிமையான அமைப்பு. எஞ்சினிலிருந்து வரும் ஒரு தண்டு, சக்கரத்துக்குப் போகும் ஒரு தண்டு, இரண்டுக்கும் நடுவே பற்சக்கர ஜோடிகள். கடைசியில் ஃபைனல் டிரைவும் டிஃபரன்ஷியலும் அதே உறைக்குள் இருக்கும். சாதாரணச் சாலைக் காரின் பற்கள் சத்தம் குறைய வேண்டும் என்பதற்காகச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். சுமை ஏறும்போது இந்தப் பற்கள் இரண்டு தண்டுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளும். சாய்வு இருப்பதால் நீளவாக்கிலும் தள்ளும். அலுமினிய உறை சற்றே வளையும். அப்போது பல் முழு அகலத்தில் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் தாங்கும். ஓரம் முதலில் உதிரும், பிறகு முழுப் பல்லும் போகும். பேரிங்கிலிருந்து தள்ளி, தண்டின் நடுவில் இருக்கும் கியருக்கே இந்த வளைவு அதிகம்.

சக்தி கூட்டிய முன்சக்கர இயக்கக் கார்களில் மூன்றாம் கியர் முதலில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சிறு கணக்கு அதைக் காட்டும். காரின் முன்சக்கரங்களின் மேல் 600 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சாலை டயர், காய்ந்த தார் ரோட்டில், தன் மேல் உள்ள சுமை அளவுக்கு இழுக்கும் என்றால், முன் அச்சு தரையில் இறக்கக்கூடிய முறுக்குவிசை சுமார் 1,700 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் டயர் வழுக்கிச் சுழலும்.

இப்போது 270 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின், 4.2 ஃபைனல் டிரைவ் என்று எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 3.2 என்றால் சக்கரத்துக்கு 3,600க்கு மேல் வரும். டயர் சுழலும். இரண்டாம் கியர் 1.9 என்றால் சுமார் 2,150. அப்போதும் சுழலும். மூன்றாம் கியர் 1.3 என்றால் சுமார் 1,470. இங்கே டயர் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு கியரில் டயர் வழுக்குவதால் பெட்டிக்குக் கிடைத்த தளர்ச்சி இங்கே இல்லை. எஞ்சினின் முழுச் சுமையும் பற்களின் மேல் அப்படியே நிற்கிறது.

இதில் ஒரு பாடம் உள்ளது. சாதாரண டயரோடு ஓராண்டு ஓடிய பெட்டி, பிடிப்பு அதிகமுள்ள பந்தய டயர் போட்ட முதல் வாரத்தில் உடைந்தால் அதில் வியப்பில்லை. டயரின் வழுக்கல்தான் அதுவரை பெட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. புதிய டயர் வாங்கும்போது பெட்டியின் வேலையையும் கூட்டுகிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கார் எதற்கு என்பதே முதல் கேள்வி

பெட்டியைத் தேர்வு செய்யும் முன் கார் என்ன வேலைக்கு என்பதை நேர்மையாக முடிவுசெய்ய வேண்டும்.

தினசரி வேலைக்குப் போய் வந்து, எப்போதாவது நெடுஞ்சாலையில் வேகமாகப் போக விரும்புவோருக்குத் தேவைப்படுவது, தொழிற்சாலையிலேயே டர்போ எஞ்சினோடு வந்த, சிங்க்ரோ உள்ள சாதாரணப் பெட்டி. சத்தம் இருக்காது. உதிரிப் பாகமும் கிடைக்கும்.

செப்பாங் போன்ற ஓடுதளத்தில் ஓட்ட விரும்புவோரின் தேவை வேறு. செப்பாங் தளத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். நம் வெயிலில் சில சுற்று ஓடினாலே கியர் எண்ணெய் கடுமையாகச் சூடேறும். இவர்களுக்கு நெருக்கமான பல் விகிதம், நல்ல லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், எண்ணெய் வெப்பத்தைக் கவனிக்கும் ஏற்பாடு ஆகியவை முக்கியம்.

400 மீட்டர் நேர்கோட்டு ஓட்டத்துக்குக் கட்டுவோருக்கு, புறப்படும் நொடியின் அதிர்ச்சிதான் எதிரி. கிளட்சைச் சட்டென்று விடும்போது சுழன்றுகொண்டிருக்கும் ஃபிளைவீலின் ஆற்றல் முழுவதும் ஒரே அடியாகப் பற்களில் இறங்கும். அந்த அடி, எஞ்சினின் முறுக்குவிசையைவிடப் பெரியது. இவர்களுக்குத்தான் வலுவூட்டிய பற்சக்கரம் தேவை.

மூன்றையும் ஒரே காரில் செய்ய நினைப்பவர்களின் பணமே அதிகம் வீணாகிறது.

வீரா, சத்ரியா, புத்ராவுக்கு உள்ள நான்கு வழிகள்

புரோட்டோன் வீரா 1993ல் வந்தது. அதுவும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த சத்ரியா, புத்ராவும் அக்காலத்து மிட்சுபிஷி லான்சரின் அடித்தளத்தில் அமைந்தவை. லான்சர் எவொலூஷன் 1, 2, 3 ஆகியவையும் அதே தலைமுறை. அதனால்தான் ஹாஃப் கட் கடைகளில் கிடைக்கும் லான்சர் பாகங்கள் இவற்றுக்கு நெருங்கிப் பொருந்துகின்றன.

மிட்சுபிஷி பெட்டிகளின் பெயரிலேயே சிறு குறிப்பு இருக்கிறது. எஃப்5எம் என்று தொடங்கினால் முன்சக்கர இயக்கம், ஐந்து கியர், மேனுவல். டபிள்யூ5எம் என்றால் நான்கு சக்கர இயக்கம். பின்னால் வரும் எண் பெட்டியின் வரிசையைக் குறிக்கும். 21, 22 வரிசை சிறிய எஞ்சின்களுக்கானது. 33 வரிசை 2.0 டர்போ போன்ற பெரிய எஞ்சின்களோடு வந்தது.

டர்போ எஞ்சின் போடுபவருக்கு நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, காரில் இருக்கும் 1.8 பெட்டியையே வைத்துக்கொள்வது. செலவு மிகக் குறைவு. பூஸ்டைத் தொழிற்சாலை அளவிலேயே வைத்து, சாதாரண டயரோடு, மெதுவாகப் புறப்படும் பழக்கம் உள்ளவருக்கு இது சில காலம் ஓடும். பூஸ்ட் கூட்டும் எண்ணம் இருந்தால் இந்த வழி வேண்டாம். 1.3, 1.5 கார்களின் பெட்டியை இந்த வேலைக்கு நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது வழி, 33 வரிசை முன்சக்கர இயக்கப் பெட்டியைத் தேடிப் போடுவது. 1990களின் முன்சக்கர இயக்க எக்லிப்ஸ் டர்போவில் வந்த எஃப்5எம்33 இந்த வகை. பெரிய தண்டு, பெரிய பற்கள் கொண்டது. கிடைப்பது கடினம். கிடைத்தால் தினசரிக் காருக்கு இதுவே நிம்மதியான தேர்வு.

மூன்றாவது வழி, நான்கு சக்கர இயக்கப் பெட்டியை இரு சக்கர இயக்கத்துக்கு மாற்றுவது. ஜிஎஸ்ஆர், எவொலூஷன் இரண்டுமே நான்கு சக்கர இயக்கக் கார்கள் என்பதால், ஹாஃப் கட் வாங்கும்போது எஞ்சினோடு வருவது இந்தப் பெட்டிதான். இதன் நடுவில் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் இருக்கிறது. பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு இதை அப்படியே போட்டால், சக்தி முழுவதும் சுமையில்லாத பின்பக்கத்துக்கே ஓடும், கார் ஒழுங்காக நகராது. ஆகவே சென்டர் டிஃபரன்ஷியலைப் பூட்ட வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்த வாயை எண்ணெய் கசியாதபடி மூட வேண்டும். வெல்டிங் வைத்துப் பூட்டுவது மலிவு. ஆனால் வெல்டிங் கோணலாகப் போனால் பேரிங் போகும். கடைசலில் செய்த பூட்டுத் துண்டு போடுவது மேல். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நான்கு சக்கர இயக்கத்தில் முன் டிஃபரன்ஷியல் முழு முறுக்குவிசையையும் தாங்கியதில்லை, அதில் ஒரு பங்கைத்தான் தாங்கியது. இப்போது முழுவதையும் அதுவே தாங்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போதே அதையும் சோதித்துவிட வேண்டும்.

நான்காவது வழி, காரையே நான்கு சக்கர இயக்கமாக மாற்றுவது. பின் அச்சு, பின் சஸ்பென்ஷன், பெட்ரோல் டேங்க், தரைத் தகடு எல்லாம் மாறும். டயருக்குப் பிடிப்பு கிடைக்கும் என்பதால் சக்தி வீணாகாது. ஆனால் அதே பிடிப்பு, புறப்படும்போது பெட்டிக்குக் கிடைத்துவந்த தளர்ச்சியையும் பறித்துவிடும். செலவும் காலமும் மற்ற மூன்றைவிடப் பல மடங்கு.

புதியது நல்லது என்று எண்ணி எவொலூஷன் 4 அல்லது அதற்குப் பிந்திய கார்களின் பெட்டியை வாங்கிவிடக் கூடாது. எவொலூஷன் 4ல் மிட்சுபிஷி எஞ்சினையும் பெட்டியையும் 180 பாகை திருப்பிவிட்டது. அந்தப் பெட்டி பழைய தலைமுறை எஞ்சின் அறைக்குள் நேராகப் பொருந்தாது.

ஒரே நிறுவனத்தின் எஞ்சின், பெட்டி என்பதால் போல்ட் துளைகள் பொருந்தும் என்றும் நம்பக் கூடாது. பணம் கொடுக்கும் முன் ஐந்து இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சினோடு சேரும் முகப்பின் போல்ட் துளைகள், கிளட்ச் தட்டு நுழையும் தண்டின் பல் எண்ணிக்கை, டிரைவ் ஷாஃப்டின் பல் எண்ணிக்கை, பெட்டியைத் தாங்கும் மவுண்டிங் இடம், மீட்டருக்கு வேகம் சொல்லும் கேபிள் அல்லது சென்சார் ஆகியவையே அந்த ஐந்து. கிளட்ச் தள்ளும் வகையா இழுக்கும் வகையா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் கடைசல் பட்டறைச் செலவு தனி.

பல் விகிதம்: டர்போவுக்குக் குட்டைக் கியர் வேண்டாம்

டர்போ இல்லாத எஞ்சின் மேல் சுழற்சியில்தான் வேலை செய்யும். அதற்கு நெருக்கமான கியரும் பெரிய எண் கொண்ட ஃபைனல் டிரைவும் தேவை. டர்போ எஞ்சினுக்கு நடுச் சுழற்சியிலேயே இழுவை இருப்பதால் நீளமான கியர் பொருந்தும். பெட்டி வாங்கும்போது பலர் இதைப் பார்ப்பதில்லை.

195/50 அளவில் 15 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 1.81 மீட்டர். ஐந்தாம் கியர் 0.8, ஃபைனல் டிரைவ் 4.2 என்றால், நெடுஞ்சாலையில் சட்ட வரம்பான 110 கிலோமீட்டரில் எஞ்சின் சுமார் 3,400 சுழற்சியில் ஓடும். ஃபைனல் டிரைவ் 3.7 என்றால் அதே வேகத்தில் சுமார் 3,000. ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஓட்டிப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் காதிலும் பெட்ரோல் செலவிலும் தெரியும்.

மூன்றாம் கியர் 1.3 என்றால் 7,000 சுழற்சியில் முதல் அமைப்பில் சுமார் 139 கிலோமீட்டரும், இரண்டாவதில் சுமார் 158 கிலோமீட்டரும் வரும். நீளமான ஃபைனல் டிரைவ் போட்டால் முதல் கியரில் டயர் சுழல்வதும் குறையும். இந்தக் கணக்கைப் போட, சுழற்சியை டயர் சுற்றளவாலும் 0.06ஆலும் பெருக்கி, கியர் விகிதமும் ஃபைனல் டிரைவும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் போதும். கைப்பேசியிலேயே போட்டுப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் போட வேண்டும்.

சிங்க்ரோவா, டாக் பெட்டியா?

சாதாரணப் பெட்டியில் கியர் மாற்றும்போது, சிங்க்ரோ எனப்படும் கூம்பு வளையம் இரண்டு பக்கத்தின் வேகத்தையும் உரசிச் சமன்செய்த பிறகே பற்கள் சேரும். மெதுவாக, மென்மையாக மாற்ற இது உதவும். இரண்டாம் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் தேய்ந்தது பெரும்பாலும் இந்த வளையம்தான். பற்சக்கரத்தின் வலுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வளையம் மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் முழுப் பெட்டியை மாற்றச் சொன்னால், பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது.

டாக் வகைப் பெட்டியில் சிங்க்ரோ இல்லை. பெரிய, இடைவெளி அதிகமுள்ள கொண்டிகள் நேராக மோதிச் சேரும். வேகமாகவும் அழுத்தமாகவும் மாற்றினால்தான் அது நீடிக்கும். நெரிசலில் மெதுவாக மாற்றினால் கொண்டிகளின் முனை தேயும். நேராக வெட்டிய பற்கள் தண்டை நீளவாக்கில் தள்ளுவதில்லை, அதனால் உறைக்குச் சுமை குறைவு. ஆனால் அதன் ஊளைச் சத்தம் காருக்குள் பேச்சையே மூழ்கடிக்கும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும் காரில் இதைப் போடுவது பொருந்தாது. அடிக்கடி பிரித்துப் பார்க்கும் வசதி உள்ள பந்தயக் காருக்கே இது ஏற்றது.

கிளட்ச் ஒரு ஃபியூஸ்

வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் எரிந்து மற்றதைக் காப்பது போல, காரில் கிளட்ச் வழுக்கிப் பெட்டியைக் காக்கிறது. எஞ்சினின் முறுக்குவிசையைவிடச் சற்றே கூடுதலாகத் தாங்கும் கிளட்ச் போதும். "எது வந்தாலும் வழுக்காது" என்று விற்கப்படும், ஸ்பிரிங் இல்லாத கெட்டியான செராமிக் தட்டைச் சாதாரணப் பெட்டிக்கு முன்னால் போட்டால், அடுத்து உடையப்போவது பெட்டி.

தினசரிக் காருக்கு, நடுவில் ஸ்பிரிங் உள்ள, வலுவான அழுத்தத் தகடு கொண்ட ஆர்கானிக் தட்டு பொருத்தம். அதற்கும் மேல் முறுக்குவிசை போனால் இரட்டைத் தட்டு கிளட்சை நினைக்கலாம். மிகக் கனமான பெடல், காலை மட்டும் அல்லாமல் எஞ்சினின் கிராங்க் திரஸ்ட் பேரிங்கையும் வருத்தும். கனமான தட்டு சிங்க்ரோவின் வேலையையும் கூட்டும்.

டிஃபரன்ஷியலும் ஷாஃப்டும்

சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில் ஒரு சக்கரம் மட்டும் சுழன்றால், உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் தங்கள் அச்சாணியின் மேல் மிக வேகமாகச் சுழலும். நீண்ட நேரம் இப்படிப் புகைவிட்டால் அச்சாணி சூடேறிப் பிடித்துக்கொள்ளும். உடைந்த அச்சாணி உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒற்றைச் சக்கரத்தில் புகைவிட்டு வேடிக்கை காட்டுவோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

சாலைக் காருக்குப் பற்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் மென்மையானது, பராமரிப்பும் குறைவு. தட்டு வகை ஓடுதளத்தில் நன்றாக இழுக்கும், ஆனால் தட்டு தேயும், எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். எதைப் போட்டாலும் பெட்டி திறந்திருக்கும்போதே போட்டுவிட்டால் கூலி ஒருமுறையோடு போகும்.

பழைய பெட்டி வாங்கும்போது

ஹாஃப் கட் கடையில் தரையில் கிடக்கும் பெட்டி கழுவிப் பளபளவென்று இருக்கும். வெளித்தோற்றம் எதையும் சொல்லாது. எண்ணெய்த் திருகைக் கழற்றி அதிலுள்ள காந்தத்தைப் பார்க்க வேண்டும். மாவு போன்ற இரும்புப் பசை இயல்பு. விரலில் தட்டுப்படும் துண்டு இருந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்ந்திருக்கிறது. தண்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். தண்டைப் பிடித்து ஆட்டினால் தளர்வு தெரியக் கூடாது. உறையில் வெல்டிங் தடம், முகப்பு போல்ட் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெட்டி மாற்றித் தரும் உத்தரவாதத்தை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும்.

வாங்கிய பெட்டியை நேராகக் காரில் ஏற்றாமல், ஒருமுறை பிரித்துப் பேரிங், சீல், சிங்க்ரோ பார்த்துவிட்டு ஏற்றுவதே சிக்கனம். பிறகு காரிலிருந்து இறக்கி ஏற்றும் கூலியும் கணக்கில் வரும் அல்லவா?

எண்ணெய் விஷயத்தில் தயாரிப்பாளர் குறிப்பேட்டையே பின்பற்ற வேண்டும். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால், அதன் வேதிப்பொருள் பித்தளைச் சிங்க்ரோவைப் பாதிக்கலாம், கியரும் கரகரக்கலாம். விலை கூடிய எண்ணெய் என்பதால் மட்டும் பொருந்திவிடாது.

ஓட்டும் பழக்கமும் முக்கியம். கியர் குச்சியின் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டினால் உள்ளே இருக்கும் ஃபோர்க் தேயும். மூன்றாம் கியரில் 7,000 சுழற்சியில் இருந்து நான்காவதுக்குப் பதிலாகத் தவறி இரண்டாவதில் போட்டால், மேலே சொன்ன விகிதத்தில் எஞ்சின் 10,000 சுழற்சியைத் தாண்டும். வால்வு, பிஸ்டன் அத்தோடு முடிந்தது. கிழிந்த எஞ்சின் மவுண்டிங் இந்தத் தவற்றை எளிதாக்கும். அதனால் மவுண்டிங்கை முதலில் மாற்ற வேண்டும்.

இந்த அறிகுறிகள் வந்தால் நிறுத்துங்கள்

காலை அழுத்தும்போதும் எடுக்கும்போதும் மாறும் ஊளைச் சத்தம், தானாக வெளியே விழும் கியர், எண்ணெயில் மின்னும் துகள், புறப்படும்போது 'டக்' என்ற அடி ஆகியவை பெட்டி தரும் எச்சரிக்கை. "இந்த வாரம் ஓட்டிவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. கிளட்சை மிதித்தால் எஞ்சினின் தொடர்புதான் அறும். பெட்டி இறுகினால் அது சக்கரத்தோடு நேராக இணைந்திருப்பதால், கிளட்ச் மிதித்தும் பயனில்லாமல் போகலாம். 110 கிலோமீட்டரில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. உடைந்த உறையிலிருந்து கொட்டும் எண்ணெய், பின்னால் வரும் மோட்டார்சைக்கிளோட்டியையும் வீழ்த்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எஞ்சின் மாற்றம் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன் கீழ் வருகிறது. எஞ்சின் எண் காரின் பதிவில் இருப்பதால், மாற்றும்போது ஜேபிஜே அனுமதியும் புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் சோதனையும் தேவை. எஞ்சின் வாங்கிய ரசீது, இறக்குமதிப் பத்திரம் ஆகியவற்றைக் கடையிலேயே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பத்திரம் இல்லாத எஞ்சின் விலை குறைவாக இருப்பது அந்தக் காரணத்தால்தான். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. அந்தக் கடன் பெற்றோர் தலையில் விழும். பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவது குற்றம். வேகத்தைச் சோதிக்க ஓடுதளம் இருக்கிறது.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

முதலில் பிரேக்கும் டயரும். அடுத்து கியர்பாக்ஸ், கிளட்ச், மவுண்டிங், ஷாஃப்ட். அதன் பிறகு எஞ்சின். எல்லாம் ஓடி, பத்திரமும் சரியான பிறகே பூஸ்ட் பற்றிய பேச்சு. கையில் உள்ள பணம் எஞ்சினுக்கு மட்டுமே போதும் என்றால், அந்த எஞ்சின் இன்னும் நமக்கு எட்டவில்லை என்றே பொருள். அடுத்த போனஸ் வரை காத்திருக்கலாம்.

வலுவான பெட்டி போட்ட சத்ரியாவுக்குள் சாதாரண எஞ்சின் இருந்தாலும் அது காலையில் வேலைக்குக் கொண்டுபோய், மாலையில் வீட்டில் சேர்க்கும். பெட்டியை மறந்து கட்டிய கார், பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில்தான் நிற்கிறது.